பெட்டி கட்டுவதற்கு முன்னால்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். பள்ளி மூடியாகிவிட்டது, கோடை முகாமுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது, கிளம்ப இன்னும் சில வாரம் இருக்கிறது. அந்தச் சில வாரத்தை எப்படிக் கழிப்பது என்பதில் பிள்ளைகளுக்கும் குழப்பம், பெற்றோருக்கும் குழப்பம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரை வழக்கம்போலப் போடவில்லை, வயதை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, லீவு விட்டதிலிருந்து ராத்திரி இரண்டரை மணிக்குத்தான் தூங்குகிறேன், காலையில் 11 மணிக்கு எழுகிறேன். அம்மா தினமும் சோம்பேறி என்று திட்டுகிறார். இன்னும் மூன்று வாரத்தில் முகாம். அங்கே 6 மணிக்கு விசில் அடித்து எழுப்புவார்களாம். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். லீவில்கூடத் தூங்கக் கூடாதா? (15 வயதுப் பெண்)

பதில்: நன்றாகத் தூங்கு. முதலில் அம்மாவிடம் ஒரு கணக்கைக் காட்டு. இரண்டரையிலிருந்து பதினொன்று வரை எட்டரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவர்கள் சொல்லும் அளவு. அதாவது நீ அளவுக்கு மீறித் தூங்கவில்லை, தூங்கும் நேரம்தான் இடம் மாறிப் போயிருக்கிறது. அதற்கும் உன்னை மட்டும் குறை சொல்ல முடியாது. இருட்டியதும் மூளையில் சுரந்து 'போய்ப் படு' என்று உடம்புக்குச் சொல்கிற மெலடோனின், பருவ வயதில் முன்பைவிட ஒன்று, இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கிறது. பள்ளி நாளில் காலை மணியடித்து உன்னை இழுத்துப் பிடித்திருந்தது, லீவு விட்டதும் அந்தப் பிடி போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆனால் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இதே பழக்கத்தோடு போனால் முதல் ராத்திரி இரண்டரை வரை கூடாரத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாய், ஆறு மணிக்கு விசில், மூன்றரை மணி நேரத் தூக்கத்தோடு நாள் முழுக்க நடை, விளையாட்டு, வெயில். இரண்டாம் நாளும் கிட்டத்தட்ட அதே கதை. முகாமில் முதல் மூன்று நாளில்தான் யார் யாரோடு சேர்வது என்பது தானாக அமைகிறது, வீட்டு ஞாபகம் அதிகமாக வருவதும் அந்த நாட்களில்தான். அப்போது போய் நீ கண் எரிச்சலோடும் எரிந்து விழுந்துகொண்டும் இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

பதினொன்றிலிருந்து ஆறுக்கு வர ஐந்து மணி நேரம், அதாவது பத்து அரை மணி. இரண்டு நாளுக்கு அரை மணி நேரம் என்று முன்னால் நகர்த்தினால் 20 நாள் ஆகும். உன்னிடம் 21 நாள் இருக்கிறது. அதனால் நாளைக்கே ஆரம்பித்துவிடு, நாளையும் நாளை மறுநாளும் பத்தரைக்கு எழு. ராத்திரி சீக்கிரம் படுக்க வேண்டும் என்று தொடங்காதே, தூக்கத்தை யாராலும் கூப்பிட்ட நேரத்துக்கு வரவழைக்க முடியாது, எழுவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. எழுந்த கையோடு வெளியே வந்து ஒரு இருபது நிமிடமாவது வெளிச்சத்தில் நில், உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில் காலை வெளிச்சத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. ராத்திரி இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெரிய விளக்குகளை அணைத்துவிட்டு போனைக் கைக்கெட்டாத இடத்தில் வை. மத்தியானம் கண்ணைச் சொருகினால் அலாரம் வைத்து அரை மணி நேரத்துக்கு உள்ளாகத் தூங்கு, மூன்று மணிக்கு மேல் வேண்டாம். மாலைக் காபியும் இப்போதைக்கு வேண்டாம். உடம்பில் சேரும் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. ஒரு நாள் ராத்திரி பேச்சில் நேரம் போய்விட்டது என்றால் பரவாயில்லை, மறுநாள் காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றிவிடாதே.

கேள்வி: நண்பர்கள் எல்லோரும் எங்கெங்கோ போய்விட்டார்கள். எனக்கு முகாம் ஒரு மாதம் கழித்துத்தான். வீட்டில் செம போர். புத்தகம் படி, ஏதாவது கிளாஸ் போ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அக்கா. (13 வயதுப் பையன்)

பதில்: சொல்லவில்லை தம்பி. உன் கடிதத்தில் ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது, காலை நேரம் எப்படியோ ஓடிவிடுகிறது, மூன்று மணி வந்தால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த மூன்று மணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாப்பிட்டாயிற்று, வெளியே வெயில், வீட்டில் பெரியவர்கள் வேலையில் அல்லது தூக்கத்தில், போனில் பார்த்ததையே திரும்பப் பார்க்கிறோம், கட்டிலில் தலை வைத்த பக்கம் கால் வைத்துப் படுத்துப் பார்க்கிறோம். அந்த நேரத்தில் உனக்கு ஏதோ குறை இருப்பதாக நினைத்துக்கொள்ளாதே. பள்ளி இருந்தவரை மணிக்கு ஒரு வேலையை யாரோ உனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், இப்போது சொல்ல ஆளில்லை. உனக்கு நீயே சொல்லிக்கொள்ளப் பழகச் சில நாள் ஆகத்தான் செய்யும், அதுவரை சும்மா படுத்திருப்பதும் தப்பில்லை.

இரண்டு யோசனை மட்டும். ஒன்று, வீட்டு வேலையில் ஒன்றை முழுதாக உன்னுடையதாக்கிக்கொள். உதவி செய்வதைச் சொல்லவில்லை, உதவி என்றால் கூப்பிட்டால்தான் போவாய். உன் துணியை நீயே துவைப்பது என்று எடுத்துக்கொண்டால் ஊறவைப்பதிலிருந்து மடித்து வைப்பது வரை உன் பொறுப்பு, நீ செய்யாவிட்டால் நாளைக்குப் போட உனக்கு ஒன்றும் இருக்காது. முகாமில் அதிகம் திணறுவது இந்த விஷயத்தில்தான். ஈரத் துணியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிடுவார்கள், இரண்டு நாளில் பை முழுக்க வாடை அடிக்கும். இரண்டாவது, ஒன்றரை மீட்டர் கயிறு ஒன்று தேடி எடுத்து முடிச்சுப் போடப் பழகு. பௌலைன் என்று ஒரு முடிச்சு இருக்கிறது, எவ்வளவு பலமாக இழுத்தாலும் அதன் வளையம் இறுகாது, உருவவும் செய்யாது, வேலை முடிந்ததும் எளிதாக அவிழ்த்துவிடலாம். கயிற்றில் சின்னதாக ஒரு வளை போட்டுக்கொள். கயிற்றின் நுனிதான் முயல், கயிற்றின் நீண்ட பகுதி மரம். முயல் வளைக்குள்ளிருந்து மேலே வருகிறது, மரத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றுகிறது, வந்த வளைக்குள்ளேயே திரும்ப இறங்குகிறது. இப்போது இறுக்கு. முதல் பத்து முறை அவிழ்ந்துவிடும், பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட வருகிறதா என்று பார், அப்புறம் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துப் போட்டுப் பார். உன் மூன்று மணிப் பிரச்சினைக்கு ஒரு வாரத்துக்காவது இது போதும்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஒரு ராத்திரிகூட எங்களைப் பிரிந்து இருந்ததில்லை. ஆசைப்பட்டு அவனேதான் முகாமுக்குப் பெயர் கொடுத்தான், இப்போது கொஞ்சம் பயப்படுகிறான். 'பிடிக்கவில்லை என்றால் ஒரு போன் போடு, அப்பா வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்' என்று சொல்லித் தைரியம் கொடுத்திருக்கிறேன். பெட்டியையும் நானே அடுக்க ஆரம்பித்துவிட்டேன். வேறு என்ன செய்யலாம்? (ஒரு தாய்)

பதில்: உங்கள் மனசு புரிகிறது அம்மா. ஆனால் அந்த ஒரு வாக்குறுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க ஆறுதலாக இருந்தாலும் அதற்குள்ளே 'உன்னால் முடியாமல் போகலாம்' என்ற செய்தி ஒளிந்திருக்கிறது, பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அங்கே போனபின் ஒரு மாலை மனசு கனத்தால், கூட இருக்கும் பையன்களோடு போய் உட்காரலாமா என்று யோசிப்பதற்குப் பதில் எப்போது போன் போடலாம் என்றுதான் யோசிப்பான். வீட்டு ஞாபகத்தைப் பற்றி ஆராய்ந்தவர்களும் பெற்றோருக்கு முதலில் சொல்வது இதைத்தான், கூட்டி வந்துவிடுகிறேன் என்று முன்கூட்டியே பேரம் பேசாதீர்கள். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்: வீட்டு ஞாபகம் வரும், கிட்டத்தட்ட எல்லோருக்கும் கொஞ்சமாவது வரும், பெரும்பாலும் சில நாளில் குறைந்துவிடும், வந்தால் உன் குழுத் தலைவரிடம் சொல். அவனுக்கு உண்மையிலேயே உடம்புக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் நீங்கள் போகத்தான் போகிறீர்கள், அது வேறு.

இது அவனுடைய பலவீனம் என்று அவன் நினைத்துவிடக் கூடாது. ஊர் விட்டு ஊர் போய்ப் போரிட்ட சுவிஸ் கூலிப்படை வீரர்கள் வீட்டு ஏக்கத்தில் படுத்த படுக்கையானது உண்டு. யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688-ல் தன் ஆய்வேட்டில் அதற்கென்றே 'நாஸ்டால்ஜியா' என்று ஒரு பெயரை உண்டாக்கினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துச் செய்த பெயர் அது. ஆயுதம் தூக்கிய ஆட்களுக்கே வந்தது, 14 வயதுப் பையனுக்கு வராதா என்று அவனிடம் சொல்லுங்கள்.

சொல்வதைவிடப் பழக்குவது நல்லது. கிளம்புவதற்கு முன் இரண்டு, மூன்று ராத்திரி உறவினர் வீட்டிலோ நண்பன் வீட்டிலோ தங்கட்டும். அந்த நேரத்தில் மணிக்கொரு முறை போன் பண்ணாதீர்கள். திரும்பி வந்ததும் 'கஷ்டமாக இருந்ததா' என்று ஆரம்பிக்காமல், ராத்திரி தூக்கம் வராதபோது என்ன செய்தாய் என்று கேளுங்கள், அவன் கண்டுபிடித்த வழிதான் முகாமிலும் அவனுக்குக் கைகொடுக்கும். முக்கியமாக, நீ இல்லாமல் நான் எப்படி இருக்கப் போகிறேனோ என்று அவன் காதுபடச் சொல்லாதீர்கள். அந்தக் கவலையையும் சேர்த்து அவன் சுமக்க வேண்டியதாகிவிடும்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு 13 வயதில் முதல் முகாமுக்கு அம்மாதான் பை அடுக்கிக் கொடுத்தார். அருமையாக அடுக்கியிருந்தார், ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், மடிப்புக் கலையாமல். முதல் ராத்திரி மழை பிடித்துக்கொண்டது. டார்ச் பையில்தான் இருக்கிறது என்று தெரியும், எந்த உறையில் என்று தெரியாது. இருட்டில் ஒவ்வொரு உறையாகத் தடவிப் பிரித்தேன், சாக்ஸ் வந்தது, சோப்பு வந்தது, துண்டு வந்தது, டார்ச் மட்டும் கிடைக்கவே இல்லை. மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் அடியில் சட்டைக்குள் சுருட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். கண்ணாடி உடைந்துவிடக் கூடாது என்ற அக்கறை அது. அந்த ராத்திரி நான் அழுததற்குக் காரணம் மழையா, டார்ச்சா, அம்மாவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அதனால் சொல்கிறேன், நீங்கள் அடுக்கியதை இன்றைக்கே கலைத்துவிடுங்கள். முகாம்காரர்கள் கொடுத்த பட்டியலை அவனிடம் கொடுத்து அவனே அடுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். முடித்தபின் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை எடு, மழைச் சட்டையை எடு என்று கேளுங்கள். அரை நிமிடத்தில் எடுத்துவிட்டான் என்றால் பை சரி.

கேள்வி: எனக்கு 16 வயது. முகாம் நாட்களில்தான் எனக்கு பீரியட்ஸ் வரும். யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தள்ளிப்போட மாத்திரை சாப்பிடலாமா? (ஒரு மாணவி)

பதில்: கேட்டது நல்லது. மாத்திரையைக் கடையில் வாங்கி நீயாகச் சாப்பிடாதே. தள்ளிப்போடும் மாத்திரை ஹார்மோன் மாத்திரை, அது உனக்கு ஏற்றதா என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உண்மையில் தேவையும் இருக்காது. வழக்கமாக ஆகும் நாப்கினைவிட ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள், இடம் மாறி அலைச்சல் கூடும்போது தேதி முன்னே பின்னே ஆவது உண்டு என்பதால் முதல் நாளிலிருந்தே இரண்டு நாப்கினும் ஒரு மாற்று உள்ளாடையும் சின்னப் பையில் கூடவே இருக்கட்டும். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றிவிடு. அங்கே குப்பைத் தொட்டி பக்கத்தில் இல்லாமல் போகலாம், பழைய செய்தித்தாளும் மூடக்கூடிய ஒரு பையும் வைத்துக்கொள், கழிவறைக்குள் மட்டும் போட்டுவிடாதே. நீச்சல் இருக்கிறது, அதனால் நாப்கினுக்குப் பதில் உள்ளே வைத்துக்கொள்ளும் மாதவிடாய் கப் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வாங்கலாம், ஆனால் கிளம்பும் முன் வருகிற பீரியட்ஸில் வீட்டில் பழகிப் பார்த்துவிடு, முதல் முறை என்பது முகாம் கழிவறையில் வேண்டாம். வயிற்றுவலிக்கு வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதை முகாமின் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடு, நிறைய முகாம்களில் மருந்தை அவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டியிருக்கும். போன அன்றைக்கே அங்கே இருக்கும் பெண் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒரே வரியில் சொல்லிவை. அவருக்கு இது நூறாவது முறையாக இருக்கும்.

கேள்வி: ட்ரெக்கிங் முகாமுக்காகப் புது ஷூ வாங்கியிருக்கிறேன். அழுக்காகாமல் டப்பாவிலேயே வைத்திருக்கிறேன். சரிதானே? லீவு முழுக்க ஏசி அறையில் கேம்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. (15 வயதுப் பையன்)

பதில்: இப்போதே வெளியே எடு தம்பி. முகாமுக்குப் போட்டுக்கொள்ளப் போகிற அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு முதல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நட, அப்புறம் தெருவில் அரை மணி, அப்புறம் ஒரு மணி. புது ஷூ குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், கட்டை விரலின் ஓரம் என்று சில இடங்களில் உரசும். அங்கே முதலில் சூடாக ஒரு உணர்வு வரும், கொப்புளம் அதற்கு அப்புறம்தான். அந்தச் சூடு தெரிந்த நிமிடமே நின்று டேப் ஒட்டினால் தப்பித்தாய், 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று நடந்தால் அடுத்த நான்கு நாளும் போச்சு. கால் நகத்தைக் கிளம்புவதற்கு இரண்டு, மூன்று நாள் முன்னால் நேராக வெட்டு, ஓரத்தை வளைத்து வெட்டாதே.

ஏசி விஷயம் ஷூவைவிட முக்கியம். உடம்பு வெயிலுக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். பழகப் பழக வியர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதோடு வெளியேறும் உப்பின் அளவு குறையும், இதயத்துக்குச் சுமை குறையும். இது உட்கார்ந்த இடத்தில் நடக்காது. கடைசி இரண்டு வாரமும் தினமும் வெளியே போய் நட, முதலில் 20 நிமிடம், நாளுக்குக் கொஞ்சம் கூட்டி ஒரு மணி வரை கொண்டுவா. காலை அல்லது மாலை வெயில் போதும், உச்சிவெயிலில் போய் வீரம் காட்ட வேண்டாம். தண்ணீர் போதுமான அளவு குடித்தாயா என்று தெரிந்துகொள்ளச் சிறுநீரின் நிறத்தைப் பார், வெளிறிய மஞ்சள் என்றால் சரி, அடர்ந்திருந்தால் குடி. கடைசி வாரம் பையில் பாதிச் சுமையாவது போட்டுக்கொண்டு நட, தோள்பட்டைப் பட்டை எங்கே அழுத்துகிறது என்று அப்போது தெரியும். நடந்துவிட்டு வந்து கேம் ஆடு, யார் வேண்டாம் என்றது.

கேள்வி: மகள் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் போனில் இருக்கிறாள். முகாமில் போன் கிடையாது. பழகட்டும் என்று இப்போதே பிடுங்கி வைத்துவிடலாமா? (ஒரு தந்தை)

பதில்: பிடுங்காதீர்கள் சார். மீதி இருக்கும் நாட்கள் முழுக்கச் சண்டையிலேயே போகும், முகாமே அவளுக்குத் தண்டனை மாதிரி ஆகிவிடும். அவளோடு உட்கார்ந்து, போன் அவளுக்கு என்னென்ன வேலை செய்கிறது என்று எழுதிப் பாருங்கள். எழுப்புவது போன், மணி பார்ப்பது போன், இருட்டில் வெளிச்சம் போன், படம் எடுப்பது, பாட்டு, தோழிகள், தூக்கம் வராதபோது துணை, எல்லாம் அதுதான். இதில் பாதிக்கு வேறு பொருள் இருக்கிறது. கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளட்டும், சின்ன அலாரம், டார்ச், ஒரு நோட்டு. இன்னொன்று, அவளுக்கு உங்கள் போன் நம்பர் மனப்பாடமாகத் தெரியுமா என்று இன்று ராத்திரி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு நம்பராவது மனசில் இருக்க வேண்டும், தாளிலும் எழுதிப் பையில் வைக்க வேண்டும். ராத்திரி ஒரு மணி நேரம் வீட்டில் யாருமே போனைத் தொடுவதில்லை என்று வையுங்கள், யாருமே என்றால் நீங்களும்தான். தோழிகளிடம் இத்தனை நாள் இருக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள், பதில் போடாவிட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்ற பயம்தான் இந்த வயதில் போனை விட முடியாததற்குப் பாதிக் காரணம்.

கேள்வி: அக்கா, இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு 13 வயதாகிறது, இன்னும் சில ராத்திரி படுக்கையை நனைத்துவிடுகிறேன். முகாமில் எல்லோரும் ஒரே கூடாரம். போகவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? (ஒரு பையன்)

பதில்: கண்ணா, இந்தக் கடிதத்தை எழுதியதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். போகலாம், நீ போக வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. உன் வயதிலும் 100 பேரில் ஒருவர், இருவருக்கு இது இருக்கிறது, அவர்களும் உன்னைப் போலவே வெளியே சொல்வதில்லை, அதனால் நீ மட்டும்தான் என்று தோன்றுகிறது. இது சோம்பலோ கெட்ட பழக்கமோ கிடையாது. தூக்கத்தில் சிறுநீரைக் குறைத்துச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் சிலருக்குப் போதுமான அளவு வருவதில்லை, சிலருக்குச் சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி தூக்கத்திலிருந்து எழுப்புவதில்லை, மலச்சிக்கல் இருந்தாலும் இது கூடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்திருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு, கேட்டுப் பார்.

இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று நீ எழுதவில்லை, எவ்வளவு இருந்தாலும் இந்த வாரமே அம்மாவோடு மருத்துவரைப் போய்ப் பார். டெஸ்மோப்ரெசின் என்று ஒரு மருந்து உண்டு. முகாம், சுற்றுலா மாதிரி சில நாளுக்கு மட்டும் என்றும் அதைக் கொடுப்பார்கள். ஆனால் முன்கூட்டியே வீட்டில் சாப்பிட்டு அது உனக்கு வேலை செய்கிறதா, எவ்வளவு வேண்டும் என்று பார்க்க வேண்டும், அதைச் சாப்பிட்டபின் ராத்திரி தண்ணீர் குடிப்பதில் கட்டுப்பாடும் இருக்கிறது, அதனால் மருத்துவர் சொல்படிதான். பகலில் தண்ணீரைக் குறைக்காதே, அது தப்பான வழி, காலையிலும் மத்தியானமும் நன்றாகக் குடித்துவிட்டுப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திக்கொள். முகாம் பொறுப்பாளரிடம் உன் அம்மா போனில் தனியாகச் சொல்லட்டும். இரவில் ஒரு முறை சத்தமில்லாமல் எழுப்பிவிடுவார்கள், கழிவறைப் பக்கமாக இடம் கொடுப்பார்கள், நனைந்தால் மற்றவர் கண்ணில் படாமல் மாற்றவும் உதவுவார்கள். படுக்கும் பைக்குள் விரிக்க அடர் நிறத்தில் ஒரு துணி உறை, மாற்று உடுப்பு, வாய் மூடும் பை ஒன்று, இவ்வளவையும் படுக்கும் இடத்திலேயே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள். வீட்டில் இரண்டு ராத்திரி இருட்டில் மாற்றிப் பார், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மருத்துவரைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுது.

கேள்வி: முகாமில் ஒருவரையும் தெரியாது. எனக்குப் பேச வராது. (14 வயதுப் பெண்)

பதில்: பேச வராதவர்கள்தான் அங்கே நிறைய இருப்பார்கள். 1907-ல் இங்கிலாந்தில் பிரவுன்ஸி தீவில் பேடன் பவல் சுமார் இருபது பையன்களை வைத்து ஒரு முகாம் நடத்தினார், சாரணர் இயக்கத்துக்கே அதுதான் விதை. வசதியான பள்ளிப் பையன்களும் உழைக்கும் குடும்பத்துப் பையன்களும் கலந்து வந்திருந்தார்கள், அவர்களை நான்கு சின்னக் குழுவாகப் பிரித்து வேலை கொடுத்தார். இன்றைக்கும் பெரும்பாலான முகாம்கள் அந்த வழியில்தான் நடக்கின்றன. ஒரே குழுவில் சேர்ந்து கூடாரம் அடிக்கும்போது 'அந்த முனையைப் பிடி' என்பதே பேச்சுதான், பெரிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அதுவரை தினமும் வீட்டுக்கு வெளியே ஒரே ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பழகு, நூலகத்தில், பேருந்தில், எங்கே வேண்டுமானாலும். பதிலைக் கவனமாகக் கேள், அடுத்த கேள்வி அதிலிருந்தே வரும்.

கேள்வி: இன்னும் ஆறு நாள்தான். ஆரம்பத்தில் எப்போது போவோம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது போகவே பிடிக்கவில்லை. காலையில் பாட்டியோடு மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன், மத்தியானம் தம்பியோடு சீட்டு, சாயங்காலம் சைக்கிள். இந்த லீவு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அதை விட்டுவிட்டுப் போக வேண்டுமா? (14 வயதுப் பெண்)

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். பயத்தில் போக மாட்டேன் என்கிறாயா என்று முதலில் தேடினேன், அப்படித் தெரியவில்லை. இருக்கும் இடம் பிடித்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான். போகும் ஆசையும் இருக்கும் ஆசையும் ஒரே நேரத்தில் ஒரே மனசில் இருக்கலாம், ஒன்றைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. நீயேதான் ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்தாய், போய்விட்டு வா. ஆறு நாளையும் இப்போது இருப்பது போலவே வைத்துக்கொள், கடைசி நாள் என்று ஊர் சுற்றவோ விருந்துக்கு அலையவோ வேண்டாம், பையைக் கட்டும் வேலையை முந்தின நாள் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டால் சாயங்காலம் சைக்கிளுக்கு நேரம் இருக்கும்.

நாளைக் காலையிலிருந்து தம்பியையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போ. எந்தத் தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர், எதற்குத் தினமும், எதற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று அவனுக்குக் காட்டிக் கொடு. மூன்று நாள் நீ ஊற்று, அவன் பார்க்கட்டும். அடுத்த மூன்று நாள் அவன் ஊற்றட்டும், நீ பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொள்.